ஸ்தாபகர் தினம்

எந்த ஸ்தாபனத்துக்கும் வருஷத்தில் ஒரு நாள் தன் ஸ்தாபகரின் ஞாபகம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம், சங்கீத சபை, கூட்டுறவுப் பண்டகசாலை, எதுவானாலும் சரி. அன்றைக்குப் படத்தை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். சந்தன மாலை போன வருஷத்ததுதான். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தலைவர் எழுந்து ஸ்தாபகர் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பட்டம் வாங்கிய வருஷம் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்து ஒப்பிக்கிறார். "அன்னாரது தன்னலமற்ற சேவை" என்று ஒரு தடவை சொன்னால் போதாதென்று நாலு தடவை சொல்கிறார். பிறகு நன்றியுரை, மிக்ஸ்சர், காப்பி.

இம்மாதிரிக் கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். நாவல் எழுதுகிறவன் எதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவான் என்று தாம்பரத்தில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. பேசிப் பேசி ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டேன். ஸ்தாபகருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டது என்று இந்தக் கூட்டங்களில் ஒருவரும் சொல்வதில்லை. அவர் ஆரம்பித்தார், அது வளர்ந்தது, அவர் மறைந்தார். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையார் கோயில் கமிட்டி போட்டாலே ஆறு மாதத்தில் ஐந்து கட்சி உண்டாகிற ஊரில், இத்தனை ஸ்தாபனங்களும் சண்டையே இல்லாமல் எப்படி வளர்ந்தன என்பது எனக்கு விளங்காத மர்மம்.

சென்ற அக்டோபரில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. என் மனைவி ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தவள். அவளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்த ஸிஸ்டர் ஒருவர் ஓய்வு பெற்று, பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறார். எண்பத்தைந்து வயது. தூத்துக்குடிக்காரர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் கதை எழுதறவர்தானே? நவம்பர் பதினஞ்சாம் தேதி எங்க அம்மாவுக்கு நினைவு நாள். வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லு. கதை மட்டும் விட வேண்டாம்னு சொல்லு" என்றாராம்.

"எங்க அம்மா" என்று அவர் சொன்னது தம் சபையை ஏற்படுத்திய அம்மாளை. மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை என்று முழுப் பெயரைச் சொன்னால் சென்னையில் பாதிப் பேருக்குப் புரியாது. எஃப்.எம்.எம். ஸிஸ்டர்கள் என்றால் உடனே புரியும். 1947 ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, தேசம் சுதந்திரம் அடைந்த அதே நாளில், சாந்தோமில் 32 மாணவிகளோடு ஸ்டெல்லா மாரிஸை ஆரம்பித்தவர்கள். 1960-ல்தான் கல்லூரி கதீட்ரல் ரோட்டுக்கு வந்தது. அந்தச் சபை பிரெஞ்சு தேசத்துச் சபை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்தாபகி பிரெஞ்சுப் பெண்மணிதான். சபை பிறந்ததென்னவோ நம் ஊட்டியில்.

ஒரு வாரத்தில் தபாலில் நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் வந்தது. வழக்கம்போல் பிறந்த ஊர், பிறந்த தேதி. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பல சோதனைகளைப் பொறுமையுடன் ஏற்றார் என்று. எனக்கு அந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. "பல சோதனைகள்" என்று யாராவது எழுதினால் அங்கே ஒரு முழு நாவல் புதைந்து கிடக்கிறது என்று அர்த்தம். தோண்டிப் பார்ப்பதென்று உட்கார்ந்தேன்.

பெயர் எலென் தெ ஷப்போத்தேன். 1839 மே 21-ஆம் தேதி நாந்த் நகரத்தில், பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தோராவது வயதில் கிளாரம்மாள் சபை மடத்தில் சேர்ந்தார். உடம்புக்கு வந்து வெளியேற நேர்ந்தது. 1864-ல் துலூஸ் நகரில் மரி ரெபராத்ரிஸ் என்ற சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியாள் என்ற பெயரை ஏற்றார். மறுவருஷம், நவகன்னியாக இருக்கும்போதே, மதுரை மிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு நாலு வருஷம் முந்தி. மதுரைக்கு ரயில் வருவதற்குப் பத்து வருஷம் முந்தி. நாந்த் நகரத்துப் பிரபு வீட்டுப் பெண் எந்த வண்டியில், எந்த வெயிலில் மதுரைக்கு வந்து இறங்கினாள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது. அங்கே வேலை, இந்த நாட்டுப் பெண்களுக்கென்று ஏற்பட்டிருந்த கன்னியர் சபைக்குப் பயிற்சி கொடுப்பது. இரண்டே வருஷத்தில், 1867-ல், அந்தச் சபையின் மூன்று மடங்களுக்கும் மாகாணத் தலைவி ஆகிவிட்டார். அப்போது வயது இருபத்தெட்டு.

1874-ல் ஊட்டியில் புதிதாக ஒரு மடம் ஏற்பட்டது. இதற்குள் மதுரையில் பழைய பூசல் ஒன்று புகைந்துகொண்டே இருந்தது. அதன் வேர்களை இங்கே விவரித்தால் வாசகர்கள் கொட்டாவி விடுவார்கள். தாயாதிச் சண்டை எல்லா மதத்திலும் ஒரே மாதிரிதான் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். முற்றிப்போய், 1876-ல் இருபது பேர் சபையை விட்டு விலகினார்கள். பாடுகளின் மரியாளும் அவர்களில் ஒருவர். இருபது பேரும் ஊட்டிக்குப் போய், கோயமுத்தூர் மேற்றிராணியாரான பார்து ஆண்டகையின் ஆதரவில் ஒன்று சேர்ந்தார்கள். நம்மவர்கள் கணக்கில் அது தாது வருஷம். கீழே சமவெளியில் அந்தப் பெரும் பஞ்சம் தலைகாட்டிக்கொண்டிருந்தது. மேலே குளிரில் இருபது பெண்கள், எந்தச் சபைக்கும் சொந்தமில்லாமல், அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தார்கள்.

கன்னியர் மடத்தில் சேருகிறவர்கள் மூன்று வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இருபது பேர் விலகியது எந்தக் கணக்கில் சேரும்? ரோமாபுரிக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். 1876 நவம்பரில் அவர் நேரே ரோமுக்குப் போனார். 1877 ஜனவரி 6-ஆம் தேதி போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார். விலகி வந்த இருபது பேருக்கும் அன்றைக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. முடியவில்லை. 1882-ல் ரோமில் வீடு ஏற்பட்டது. அக்டோபர் 4-ஆம் தேதி பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். ஆறாவது மாதம், 1883 மார்ச்சில், அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தாம் ஏற்படுத்திய சபையில் தமக்கு அதிகாரம் இல்லை. போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணையில் அவர் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. 1884 ஜூலையில் கூடிய சபையின் பொதுக்கூட்டம் அவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. இருபது வருஷம் கழித்து, 1904 நவம்பர் 15-ஆம் தேதி, இத்தாலியில் ஸான் ரெமோ என்ற ஊரில் காலமானபோது சபையில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். நாலு கண்டங்களில் 86 மடங்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. பாதிரிமார் சரித்திரத்துக்கும் மேற்குத் தாம்பரத்து அத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அத்தை முப்பத்திரண்டாவது வயதில் புருஷனை இழந்தவள். 1958-ல் எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில் ஒரு ஸிங்கர் தையல் மிஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஸானடோரியத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்ள வருகிறவர்களின் மனைவிமார், கையில் காசில்லாமல் மாதக்கணக்கில் இங்கேயே தங்கியவர்கள், முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். ஒரு மிஷின் ஐந்தாயிற்று. தாழ்வாரம் போதாமல் வாடகைக் கட்டடம். பிறகு பதிவு பெற்ற சங்கம், காரியக் கமிட்டி, பொருளாளர், வருஷாந்தர அறிக்கை. 1971-ல் ஒரு நாள் கணக்கில் எழுநூறு ரூபாய் உதைக்கிறது என்று யாரோ கிளப்பினார்கள். கமிட்டி கூடியது. அத்தையை நீக்கியது. இரண்டு மாதம் கழித்து அந்த எழுநூறு ரூபாய், துணிக்கடைக்குக் கொடுத்த முன்பணமாக வேறொரு பேரேட்டில் அகப்பட்டது. அதை ஒருவரும் வெளியே சொல்லவில்லை. அடுத்த அறிக்கையில் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் "சில நல்ல உள்ளங்கள்" என்று அச்சாகியிருந்தது.

அத்தை 1989-ல் காலமானாள். பதினெட்டு வருஷம் அந்த எழுநூறு ரூபாயைப் பற்றியே பேசினாள். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதரிடம். பேரேட்டின் பக்க எண் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் எல்லோரும் அவள் வாயைத் திறந்தால் எழுந்து போக ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "போனது போகட்டும், விட்டுத் தொலையேன்" என்று என் தகப்பனார் சொல்லாத நாள் கிடையாது.

நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் ஸிஸ்டரைப் பார்க்கப் போனோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் முதல் ஸ்டேஷன் ஸானடோரியம். டாக்டர் சௌரிமுத்து 1928-ல் ஏற்படுத்திய காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர்; 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், அப்புறம் பரங்கிமலை. இந்தப் பாதையில் 1931-லேயே மின்சார வண்டி ஓடியது என்று நாங்கள் தாம்பரத்துக்காரர்கள் வெளியூர் விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம்.

ஸிஸ்டர் வெள்ளைப் புடைவையில், கையில் குடையோடு தயாராக நின்றார். "உள்ளே உக்காந்து பேசினா காப்பி கொடுத்தே அனுப்பிடுவாங்க. மலைக்குப் போகலாம் சார்" என்றார். வண்டி போகிற பாதை இருக்கிறது. ஆட்டோவில் ஏறினோம்.

பரங்கிமலையைப் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. முந்நூறு அடி உயரம். தோமையார் வேதசாட்சியாக உயிர் விட்ட இடம் என்பது பாரம்பரியம். உச்சியில் போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய மாதா கோயில். 1547-ல் அங்கே பஹ்லவி எழுத்துப் பொறித்த ஒரு கற்சிலுவை அகப்பட்டது. 1802-ல் லாம்டன் துரை இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முதல் கோடு இந்த மலைப் பக்கத்தில்தான் போட்டார். உச்சியிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கம் ஓடுபாதை காலடியில் கிடக்கிறது. விமானங்கள் ஏறக்குறைய நம் கண்மட்டத்தில் இறங்குகின்றன. கோயிலை ஒட்டி, பெற்றவர்கள் கைவிட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்த ஒரு கன்னியர் மடம். அதுவும் இந்தச் சபையினுடையதுதான்.

சுவரோரமாக நிழலில் உட்கார்ந்தோம். துண்டுப் பிரசுரத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன்.

"ஸிஸ்டர், இந்தச் சோதனை என்னவென்று படித்துவிட்டேன். 1876-ம் 1883-ம். அதைப் பேசலாமா? நினைவு நாளில் நன்றாக இருக்குமா?"

"பேசாட்டா நீங்க எதுக்கு சார்? மிச்சத்தை நாங்களே பேசிக்குவோம்."

"உங்கள் தலைவிகள் வருத்தப்பட மாட்டார்களா?"

"நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு. ரோமாபுரியே எழுதி வெச்ச விஷயம். இந்த நோட்டீஸ் அடிச்ச பிள்ளை சின்னப் பொண்ணு. அழகா இருக்கட்டும்னு சுருக்கிட்டா."

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அத்தை கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, "உங்கள் அம்மா அத்தனை பெரிய பழியைத் தாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்தார். என் அத்தையால் எழுநூறு ரூபாயைத் தாங்க முடியவில்லை. மகான்களுக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசமோ என்று நினைத்தேன்" என்றேன்.

மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கக்கூடிய வாக்கியம். ஸிஸ்டர் குடையைத் தரையில் ஊன்றினார். நாற்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய முகம் வந்துவிட்டது.

"இல்லை சார். எங்க அம்மாவுக்கு விசாரணை நடந்தது. பதினாறு மாசத்துல முடிவு சொன்னாங்க. குற்றமில்லைன்னு எழுத்துல வந்தது. எந்தச் சபையோட பதவியிலேருந்து நீக்கினாங்களோ அதே சபை கூடித் திரும்பக் கூப்பிட்டுச்சு. உங்க அத்தைக்கு யார் எழுதிக் கொடுத்தா? பேரேட்டுல ரூபா அகப்பட்டுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா அவங்க ஏன் பஸ்ல போறவங்ககிட்டல்லாம் சொல்றாங்க? அவங்களுக்குச் சாட்சி இல்லை. அதனால அவங்களே சாட்சி சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு விமானம் பெரிய சத்தத்தோடு இறங்கியது. நல்ல வேளையாக நான் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாட்சி என்ற வார்த்தையை அந்த மலையில் உட்கார்ந்து கேட்பது தனி விஷயம். கீழே ஊரில் சாட்சி என்றால் கோர்ட்டும் வக்கீலும் படிக்காசும். கிறிஸ்தவர்கள் அதே வார்த்தையை உயிர் கொடுத்தவர்களுக்கும் வைத்திருக்கிறார்கள்: வேதசாட்சி, மறைசாட்சி. இந்தச் சபைக்கும் அப்படி ஏழு பேர் உண்டு. சீனாவில் தாய்யுவான் நகரத்தில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஏழு ஸிஸ்டர்கள்; 1900 ஜூலை 9-ஆம் தேதி பாக்ஸர் கலவரத்தில் கொல்லப்பட்டார்கள். ஸ்தாபகி அப்போது உயிரோடிருந்தார். தாம் அனுப்பிய ஏழு பெண்களின் சாவுச் செய்தியை அவரே கேட்க வேண்டியிருந்தது. 2000 அக்டோபர் முதல் தேதி ஏழு பேருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தபோது சீன சர்க்கார் ஆட்சேபித்தது; அது அவர்களுடைய தேசிய தினம். அந்தக் கோபத்தில் கொஞ்சமும் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைக்காரர்களின் பீரங்கிக் கப்பல் வந்த கடலில்தான் பாதிரிமாரும் வந்தார்கள். சீனாக் குடியானவன் இரண்டையும் பிரித்துப் பார்ப்பானா? ஆனால் அந்த ஏழு பேர் அங்கே பீரங்கி வைத்திருக்கவில்லை. தொட்டில்தான் வைத்திருந்தார்கள்.

இதை நான் சொன்னபோது ஸிஸ்டர் தலையை ஆட்டினார். "உயிர் கொடுக்கிறது ஒரு நாள் காரியம்" என்றார். பிறகு கோயிலை ஒட்டிய மடத்துப் பக்கம் கையைக் காட்டி, "அங்கே ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை அழுதா எழுந்திருக்கணும். தினம்" என்றார். அவரும் இளவயதில் ஒரு கோடை விடுமுறையில் அங்கே இருந்திருக்கிறாராம். கல்லூரியில் முகலாய சாம்ராஜ்யத்தைப் பாடம் நடத்தியதைவிட அது கஷ்டமென்று சொன்னார்.

அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்த விவரத்தையும் கேட்டேன். 2002 அக்டோபர் 20-ஆம் தேதி, போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொடுத்தார். அதற்கு ஓர் அற்புதம் நிரூபணமாக வேண்டும். நுரையீரலிலும் முதுகெலும்பிலும் காசநோய் கண்ட ஒரு கன்னியாஸ்திரீ குணமடைந்ததைத்தான் அற்புதமென்று ஏற்றுக்கொண்டார்கள். ஸானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டி வந்தவனுக்கு இது கொஞ்சம் திடுக்கென்றது. எத்தனையோ பேர் இருமிக்கொண்டு வந்து இறங்கிய பிளாட்பாரம் அது. அவர்களில் நடந்து திரும்பிப் போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. அற்புதத்தில் எனக்கு உள்ள நம்பிக்கையை ஸிஸ்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன தோமையாரின் மலையில் அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று தைரியம்.

பதினைந்தாம் தேதி கூட்டத்துக்கு முப்பது முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ஸிஸ்டர்கள், பழைய மாணவிகள், அக்கம்பக்கத்தில் உள்ள சிலர். ஜெபம், பாட்டு. படத்துக்கு மல்லிகைப்பூ மாலை, அன்று காலை கட்டியது. கூர்ந்து பார்த்தேன். எனக்கு இருபது நிமிஷம். பிறந்த ஊரையும் தேதியையும் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்சப் பொழுதை 1876-க்கும் 1883-க்கும் கொடுத்தேன். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு வயதான ஸிஸ்டர் தூங்கிவிட்டார். அது எந்தப் பேச்சுக்கும் நடப்பதுதான்.

முடிந்த பிறகு ஓர் இளம் ஸிஸ்டர் எழுந்தார். துண்டுப் பிரசுரத்தில் அந்த வரியைச் சுருக்கி எழுதியவர் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. "சார், இருபது பேர் விலகிட்டாங்க. விலகாம இருந்தவங்க என்ன ஆனாங்க? அவங்க பக்கத்துல நியாயமே இல்லையா?" என்று கேட்டார்.

நான் படித்த எதிலும் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. என் சரித்திர ஸிஸ்டர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். அந்தப் பழைய சபை இன்றைக்கும் இருக்கிறது. அதை ஏற்படுத்தியவர் பெல்ஜியம் தேசத்து எமிலி துல்த்ரமோன் என்ற அம்மாள், இளவயதில் விதவையானவர். இருபது பேர் தம்மை விட்டுப் போனதைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்குள், 1878-ல் காலமானார். அவருக்கும் போப்பாண்டவர் அருளாளர் பட்டம் கொடுத்திருக்கிறார், 1997-ல். அதாவது, இவருக்குக் கொடுப்பதற்கு ஐந்து வருஷம் முந்தி. கொடுத்தவரும் அதே போப்பாண்டவர்தான்.

"ரெண்டு பேர் படத்தையும் ஒரே பீடத்துல வைக்கலாம். அங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிறாங்களோ, அது நமக்குத் தெரியாது" என்றார் ஸிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். தூங்கின ஸிஸ்டரும் விழித்துக்கொண்டு சிரித்தார்.

நான் ஐம்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இரண்டு பெண்கள் பிரிந்தார்கள் என்றால் என் பேனா தானாகவே ஒருத்தியை நல்லவளாகவும் ஒருத்தியைப் பொல்லாதவளாகவும் ஆக்கிவிடும். அப்படிச் செய்யாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். என் அத்தை கதையிலும் எழுநூறு ரூபாயைக் கிளப்பினவர்கள் என் மனத்தில் ராட்சஸிகளாகத்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அத்தைக்குப் பின் இருபது வருஷம் சம்பளமில்லாமல் அந்தச் சங்கத்தை நடத்தினாள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் திறந்தவள். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

ரயிலில் திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "அத்தையோட சங்கம் இன்னும் இருக்கில்ல?"

இருக்கிறது. பெயர் மாறிவிட்டது; தையலோடு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். வேறு யார் பெயரையும் குறிப்பிடவில்லை. 1971-ஆம் வருஷத்துப் பேரேட்டையும் கமிட்டி நடவடிக்கைப் புத்தகத்தையும் பார்க்க அனுமதி வேண்டும், பார்த்தபின், உண்மையென்று தாங்களே கண்டால், அடுத்த அறிக்கையில் இரண்டு வரி சேர்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டும், இவ்வளவுதான். அத்தை சொல்லிக்கொண்டே இருந்த பக்க எண்ணையும் எழுதினேன். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகியிருந்தது.

பத்து நாள் கழித்து இப்போதைய காரியதரிசி தொலைபேசியில் பேசினாள். சின்னப் பெண் குரல். என் அத்தையை அவளுக்குத் தெரிய நியாயமில்லை. "மாடியில ஒரு தகரப் பெட்டி இருக்கு சார். நான் வந்ததிலேருந்து யாரும் திறந்ததில்லை. சாவி இல்லை. பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிட்டிருக்கேன். சனிக்கிழமை காலையில வர்றீங்களா?" என்றாள்.

கண்ணாடியையும் பூதக்கண்ணாடியையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். மனைவியும் வருகிறாள்.